மகனுக்கு மன்னிப்பு வசனம் எழுதிக் கொடுக்கலாமா?

கேள்வி:

என் மகனுக்கு 15 வயது. மூன்று மாதங்களுக்கு முன்பு நண்பர்கள் இரண்டு பேரோடு சேர்ந்து, தனியாக வசிக்கும் 68 வயது அம்மா ஒருவரின் வீட்டுக்குள், அவர் வெளியூர் போயிருந்த நேரத்தில் புகுந்துவிட்டான். கொஞ்சம் பணத்தை எடுத்திருக்கிறார்கள். சாமான்களை உடைத்து, அலமாரியைக் கலைத்துப் போட்டிருக்கிறார்கள். அந்த அம்மாவின் மறைந்த கணவருடைய கைக்கடிகாரம் இன்னும் கிடைக்கவில்லை. என் மகன் நல்ல பையன்தான், சேர்க்கைதான் சரியில்லை. போலீஸிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டான். வழக்கைக் கவனிக்கும் அதிகாரி, பாதிக்கப்பட்டவரும் பையன்களும் நேரில் சந்தித்துப் பேச ஏற்பாடு செய்யலாம் என்கிறார். அந்த அம்மாவும் சம்மதித்திருக்கிறார். "எனக்குச் சில விஷயங்கள் தெரிய வேண்டும்" என்று மட்டும் சொன்னாராம். என் கணவர், நஷ்டத்தைக் கட்டிவிட்டு முடித்துக்கொள்ளலாம், பையனை நாலு பேர் முன்னால் நிறுத்தி அவமானப்படுத்த வேண்டாம் என்கிறார். எனக்கோ அவன் நேரில் போய் மன்னிப்புக் கேட்டே ஆக வேண்டும் என்று இருக்கிறது. ஆனால் அவன் வாயே திறப்பதில்லை. வருத்தப்படுகிறானா என்றுகூடத் தெரியவில்லை. அங்கே போய் எதையாவது உளறிவிடக் கூடாதே என்று ஒரு பக்கத்துக்கு மன்னிப்பு எழுதிக் கொடுத்து, மனப்பாடம் செய்யச் சொல்லியிருக்கிறேன். நான் செய்வது சரியா? போகலாமா, வேண்டாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

போகலாம் என்றுதான் நினைக்கிறேன், உங்கள் மகனும் சம்மதித்தால். ஆனால் அந்த மனப்பாடத் தாளை இன்றைக்கே வாங்கி வைத்துவிடுங்கள்.

இளையோர் செய்த தவறுகளில் இரண்டு தரப்பையும் ஒரே அறையில் உட்கார வைத்துப் பேச வைப்பது பல வருடங்களாக என் வேலை. இந்த வேலைக்கு வந்த புதிதில் ஒரு பையனை நன்றாகத் தயார்செய்துவிட்டதாக நினைத்து அழைத்துப் போனேன். அவனுடைய வீட்டில் எழுதிக் கொடுத்ததைத் தடங்கல் இல்லாமல் சொல்லி முடித்தான். எதிரில் இருந்தவர் அமைதியாகக் கேட்டுவிட்டு, "சரிப்பா, என் வீட்டை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்?" என்றார். பையன் திகைத்துப்போய், மனப்பாடம் செய்ததை முதலிலிருந்து மறுபடி சொல்ல ஆரம்பித்தான். அவர் முகம் மூடிக்கொண்டதை நான் பார்த்தேன். அன்று அவர் கேட்க வந்தது அந்த ஒரு கேள்வியைத்தான். பதில் கிடைக்காமலே போனார். நான் இன்னும் இரண்டு முறையாவது பையனைத் தனியாகச் சந்தித்திருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்ட வரி, அந்த அம்மா சொன்னதுதான். "எனக்குச் சில விஷயங்கள் தெரிய வேண்டும்." அவர் மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. பணத்தைப் பற்றியும் பேசவில்லை. வீட்டுக்குள் யாரோ புகுந்து போன பிறகு அந்த வீட்டில் தனியாகப் படுத்துத் தூங்க வேண்டியவர் அவர். இப்படிப்பட்டவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்று போலவே இருக்கும். ஏன் என் வீடு? நான் இல்லை என்று எப்படித் தெரிந்தது? என்னை நோட்டம் விட்டீர்களா? மறுபடி வருவீர்களா? இவற்றுக்குப் பதில் தெரிந்தவர்கள் உலகத்திலேயே மூன்று பேர்தான். நீதிபதிக்கும் தெரியாது, போலீஸுக்கும் முழுதாகத் தெரியாது. "பூட்டு தொங்கியது தெரிந்தது, அதனால் புகுந்தோம், நீங்கள் யார் என்றே தெரியாது" என்று ஒரு பையன் உண்மையைச் சொன்னால், அதைக் கேட்ட பிறகு அந்த அம்மா ஜன்னலைச் சாத்திவிட்டு நிம்மதியாகத் தூங்கக்கூடும். உங்கள் மகன் அந்த அம்மாவுக்குக் கொடுக்கக்கூடியதில் மதிப்பு மிக்கது அந்தப் பதில்தான். அதை நீங்கள் எழுதிக் கொடுக்க முடியாது, ஏனென்றால் உங்களுக்கே அது தெரியாது.

இந்த முறைக்கு மறுசீரமைப்பு நீதி என்று பெயர். இதன் நவீன வடிவம் தொடங்கிய கதையும் ஏறக்குறைய உங்கள் வீட்டுக் கதைதான். 1974-இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் எல்மைரா என்ற சிறு ஊரில், இரண்டு இளைஞர்கள் குடித்துவிட்டு ஒரே இரவில் 22 இடங்களில் வீடு, கார், கடை என்று அடித்து நொறுக்கினார்கள். நன்னடத்தை அதிகாரியாக இருந்த மார்க் யான்ட்சி, இவர்கள் பாதிக்கப்பட்டவர்களை நேரில் பார்த்தால் என்ன என்று நீதிமன்றத்திடம் கேட்டார். நீதிபதி ஒப்புக்கொண்டார். இருவரும் ஒவ்வொரு கதவாகத் தட்டி, நாங்கள்தான் செய்தோம் என்று சொல்லி, நஷ்டம் எவ்வளவு என்று கேட்டு, சில மாதங்களில் இழப்பீட்டைக் கொடுத்து முடித்தார்கள். அப்போது தயாரிப்பு எதுவும் கிடையாது. இன்றைக்கு நாங்கள் யாரையும் அப்படி நேராகக் கதவு தட்ட அனுப்ப மாட்டோம். ஆனாலும் அந்த இருவரில் ஒருவர் பல வருடங்கள் கழித்து இதே பணிக்கு வந்து, அன்றைக்குக் கதவு தட்டியதைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். 1989-இல் நியூசிலாந்து, இளையோர் வழக்குகளில் குடும்பத்தையும் பாதிக்கப்பட்டவரையும் சேர்த்து உட்கார வைக்கும் கூட்டத்தைச் சட்டமாகவே ஆக்கியது. அந்த நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள், பிள்ளைகளின் விஷயத்தைக் குடும்பமும் இனக்குழுவும் சேர்ந்து முடிவுசெய்ய வேண்டும் என்று வற்புறுத்தியது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அந்தக் கூட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு வழக்கம் உண்டு. ஒரு கட்டத்தில் அதிகாரிகள் எல்லாரும் வெளியே போய்விடுவார்கள். குடும்பம் மட்டும் தனியாகப் பேசி, என்ன செய்யலாம் என்று ஒரு திட்டத்தோடு வரும்.

உங்கள் கணவரின் பயத்தை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. நாலு பேர் முன்னால் கூனிக் குறுகி நின்ற பிள்ளை திருந்துவதில்லை. கோபத்தோடு வெளியே வருகிறான், அவனைக் குறைவாகப் பார்க்காத கூட்டத்தைத் தேடிப் போகிறான். அதனால் சந்திப்பை நடத்துகிறவர் யார், எப்படி நடத்துகிறார் என்பது மிக முக்கியம். நல்ல சந்திப்பில் பேச்சு எப்போதும் செயலைப் பற்றியே இருக்கும். "நீ செய்தது என்ன" என்று கேட்பார்களே தவிர, "நீ எப்படிப்பட்டவன்" என்று யாரும் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். பையனுக்கு வெட்கம் வரும், வரத்தான் வேண்டும். ஆனால் அவனை நேசிக்கிற இரண்டு மூன்று பேர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது வரும் வெட்கம் வேறு மாதிரியானது. அதிலிருந்து எழுந்து வர அவனுக்கு வழி இருக்கிறது. சந்திப்புக்கு முன்னால் நடக்கும் முதல் தயாரிப்புக் கூட்டத்துக்கு உங்கள் கணவரையும் கூட்டிப் போங்கள். இந்தக் கவலையை அவரே, சந்திப்பை நடத்தும் ஒருங்கிணைப்பாளரிடம் கேட்கட்டும். சரியான பதில் வரவில்லை என்றால் அவர் தயங்குவது நியாயம்தான்.

நஷ்டத்தைக் கட்டுவதும் தேவைதான். ஆனால் அப்பா பணத்தைக் கொடுத்தால், அது அப்பாவுக்கும் அந்த அம்மாவுக்கும் நடுவில் நடந்த கணக்காகிவிடும். பையன் அதில் எங்கேயும் இல்லை. முதலில் நீங்கள் கட்டினாலும், அதில் ஒரு பங்கையாவது அவன் தன் கையால் சம்பாதித்தோ, தனக்கு வர வேண்டியதை விட்டுக்கொடுத்தோ திருப்பித் தர வேண்டும். அது எவ்வளவு, எத்தனை மாதத்தில் என்பதைச் சந்திப்பிலேயே பேசி எழுதிக்கொள்ளலாம்.

இப்போது அவன் வாய் திறக்காததைப் பற்றி. இதில் கொஞ்ச நேரம் நிற்க விரும்புகிறேன், ஏனென்றால் பெற்றோர் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்வது இதைத்தான். அழாத பிள்ளைக்கு வருத்தம் இல்லை என்று அர்த்தமில்லை. நன்றாக அழுகிற பிள்ளைக்கு வருத்தம் இருக்கிறது என்றும் அர்த்தமில்லை. தான் மாட்டிக்கொண்டதற்காக அழுகிற பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, சட்டத்தோடு உரசலுக்கு வரும் பையன்களில் பலருக்கு மொழியே ஒரு சிக்கல். ஆஸ்திரேலியாவில் இப்படிப்பட்ட பையன்களைச் சோதித்துப் பார்த்த ஆய்வுகளில், ஏறத்தாழ பாதிப் பேருக்குக் கேட்டதைப் புரிந்துகொள்வதிலும் நினைத்ததைக் கோவையாகச் சொல்வதிலும் குறைபாடு இருந்தது தெரியவந்தது. பலருக்கு அதுவரை யாரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. தோளைக் குலுக்குவதும், "தெரியல" என்று சொல்வதும், தரையைப் பார்ப்பதும் பெரியவர்களுக்குத் திமிராகத் தெரிகிறது. அவனுக்கோ வார்த்தை கிடைக்கவில்லை. உங்கள் மகனுக்கு அப்படி இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. 15 வயதில் வெட்கம் மட்டுமே வாயைக் கட்டிப்போடப் போதும். ஒருங்கிணைப்பாளரிடம் மட்டும், இவன் அதிகம் பேச மாட்டான், நேரம் எடுத்துக்கொள்வான் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர் அதை அந்த அம்மாவுக்கும் சொல்லிவைப்பார். எதிரில் இருப்பவர் மௌனத்தைத் திமிர் என்று எடுத்துக்கொள்ளாமல் இருக்க அது உதவும்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நேருக்கு நேர் உட்கார வைத்து விசாரிக்காமல், இரண்டு பேரும் எங்கேயாவது நடந்து போகும்போது, "அன்றைக்கு ஆரம்பத்திலிருந்து என்ன நடந்தது என்று சொல்லேன், நான் குறுக்கே பேச மாட்டேன்" என்று கேளுங்கள். அப்புறம் உண்மையிலேயே குறுக்கே பேசாதீர்கள். சந்திப்பில் அவனிடம் கேட்கப் போகும் கேள்விகளும் எளிமையானவைதான். என்ன நடந்தது, அந்த நேரத்தில் என்ன நினைத்துக்கொண்டிருந்தாய், அதற்குப் பிறகு என்ன நினைத்தாய், யாருக்கெல்லாம் பாதிப்பு, சரிசெய்ய என்ன செய்யலாம். "ஏன் செய்தாய்" என்று நாங்கள் எடுத்த எடுப்பில் கேட்பதில்லை, ஏனென்றால் அதற்கு இந்த வயதில் "தெரியல" என்ற பதில்தான் வரும். நடந்ததைச் சொல்லிக்கொண்டே போகும்போது காரணம் தானாக வெளியே வரும். வீட்டில் ஒரு முறையாவது அவன் முழுக் கதையையும் வாயால் சொல்லிவிட்டால், அங்கே இரண்டாவது முறை சொல்வது அவ்வளவு கஷ்டமாக இருக்காது.

உங்களுக்கும் ஒரு தயாரிப்பு தேவை. கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். "நல்ல பையன்தான், சேர்க்கைதான் சரியில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வாக்கியத்தை அந்த அறையில் சொல்லிவிடாதீர்கள். உங்கள் மனதில் அது பாசம். அந்த அம்மாவின் காதில், உன் அலமாரியைக் கலைத்தது என் பிள்ளை இல்லை என்று விழும். மற்ற இரண்டு பையன்களின் அம்மாக்களும் இதையே சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். உங்கள் முறை வரும்போது, இது தெரிந்த அன்று உங்களுக்கு என்ன ஆனது என்று மட்டும் சொல்லுங்கள். தூக்கம் போனதா, தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியவில்லையா, அதை அப்படியே சொல்லுங்கள். பல பையன்கள் எதிரில் இருப்பவர் சொல்வதைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். தன் அம்மா முதல் தடவையாகத் தன்னைத் திட்டாமல் தன் வலியைச் சொல்லும்போதுதான் உடைவார்கள்.

சந்திப்பு எப்படி இருக்கும் என்று சுருக்கமாகச் சொல்கிறேன். நடுவில் மேஜை இல்லாமல் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருப்பார்கள். அந்த அம்மாவோடு அவருக்கு வேண்டியவர் ஒருவர் இருப்பார். பல இடங்களில் பையன்தான் முதலில் பேசுவான், அப்புறம் பாதிக்கப்பட்டவர், அப்புறம் இரண்டு பக்கத்து உறவினர்கள். கடைசியில் என்ன செய்வது என்று பேசி எழுதிக்கொள்வார்கள். ஒன்றிரண்டு மணி நேரம் ஆகலாம். அந்த அம்மா சத்தம் போடலாம். போட்டால் போடட்டும், வசை எல்லை மீறினால் நிறுத்துவது ஒருங்கிணைப்பாளரின் வேலை, உங்களுடையது இல்லை.

ஒரு விஷயம் எனக்குக் கவலையாக இருக்கிறது. மூன்று பையன்கள், மூன்று குடும்பங்கள், எதிரில் தனியாக ஒரு வயதான அம்மா. இப்படி உட்கார வைத்தால் அவருக்கு மறுபடி வீடு புகுந்த மாதிரியே இருக்கும். பையன்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசுவார்கள், யாரும் முழு உண்மையைச் சொல்ல மாட்டார்கள். தனித்தனிச் சந்திப்பாக வைக்க முடியுமா என்று கேளுங்கள். யாரோடு முதலில் பேசுவது, எந்த இடத்தில், எந்த நேரத்தில் என்பதை அந்த அம்மா தேர்ந்தெடுக்கட்டும். நேரில் வேண்டாம், கேள்விகளை எழுதி அனுப்புகிறேன் என்று அவர் மனம் மாறினால் அதுவும் சரிதான். கடைசி நிமிடம் வரை விலகிக்கொள்ளும் உரிமை அவருக்கும் உண்டு, உங்கள் மகனுக்கும் உண்டு.

போவதற்கு முன்பு வக்கீலிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சந்திப்பில் பேசியது வெளியே போகுமா, பின்னால் அவனுக்கு எதிராகப் பயன்படுமா, ஒப்பந்தத்தை முடித்தால் வழக்கு என்ன ஆகும் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஐக்கிய நாடுகள் சபையின் பொருளாதார சமூக மன்றம் 2002-இல் இதற்கான அடிப்படைக் கோட்பாடுகளை ஏற்றுக்கொண்டது. கலந்துகொள்வது இரு தரப்பின் சுயவிருப்பமாக இருக்க வேண்டும், கலந்துகொண்டதையே குற்றத்தை ஒப்புக்கொண்டதற்கான சான்றாகப் பின்னர் காட்டக் கூடாது, உடன்பாடு ஏற்படாமல் போனதை மட்டும் வைத்து வழக்கில் பாதகம் செய்யக் கூடாது என்று அதில் இருக்கிறது. ஆனால் அது வழிகாட்டுதல்தான். உங்கள் நாட்டுச் சட்டம் எவ்வளவு பாதுகாப்புத் தருகிறது என்பதை வக்கீல்தான் சொல்ல வேண்டும்.

ஒப்பந்தம் எழுதும்போது, உங்கள் மகன் தானே செய்யக்கூடியதாகவும், முடியும் தேதி உள்ளதாகவும் பாருங்கள். "இனி ஒழுங்காக இருப்பேன்" என்று எழுதுவதில் பயனில்லை, அதை யாரும் சரிபார்க்க முடியாது. குற்ற உணர்ச்சியில் நீங்களே வருடக்கணக்கில் வேலை செய்து தருவான் என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். பாதியில் நின்று போன வாக்கு அந்த அம்மாவுக்கு இரண்டாவது காயம். அவர் வீட்டுக்கே வந்து வேலை செய்ய வேண்டும் என்று அவராகக் கேட்டால் ஒழிய, நீங்கள் அதைச் சொல்லவே வேண்டாம்.

இதனால் அவன் திருந்துவானா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அந்தக் கேள்விதான் இருக்கிறது. 10 சோதனைகளை ஒன்றாக வைத்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு 2013-இல் வந்தது. இப்படி நேரில் சந்தித்த வழக்குகளில் மறுபடி குற்றம் செய்வது ஓரளவு குறைந்திருந்தது. ஓரளவுதான். பாதிக்கப்பட்டவர்களுக்குக் கிடைத்த பலன் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. நீதிமன்றத்தோடு மட்டும் நின்றவர்களைவிட இவர்களுக்குத் திருப்தி அதிகம், பழிவாங்கும் எண்ணம் குறைவு. என் அனுபவமும் அதையே சொல்கிறது. அதனால் மகனைத் திருத்தும் மருந்தாக நினைத்து அவனை அங்கே அழைத்துப் போகாதீர்கள். அந்த அம்மாவுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, அதற்காகப் போகிறான் என்று அவனிடமும் அப்படியே சொல்லுங்கள்.

மன்னிப்பு? வந்தால் வரட்டும். அந்த அம்மா பேசுவதைக் கேட்ட பிறகு அவன் வாயிலிருந்து "ஸாரி" என்று ஒரே ஒரு சொல் வந்தாலும், நீங்கள் எழுதிக் கொடுத்த ஒரு பக்கத்தைவிட அது அவரிடம் போய்ச் சேரும். அவர் பதிலுக்கு "பரவாயில்லைப்பா" என்று சொல்ல வேண்டும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். மன்னிக்கும் கடமை அவருக்கு இல்லை. மன்னிக்காமலேயே, கேட்க வந்ததைக் கேட்டுவிட்டு, லேசான மனதோடு எழுந்து போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக அந்தக் கைக்கடிகாரம். அந்த அம்மாவின் "சில விஷயங்கள்" பட்டியலில் அது முதலில் இருக்கும் என்று என் மனதுக்குப் படுகிறது. விற்றிருக்கலாம், எங்கேயாவது எறிந்திருக்கலாம், மூவரில் ஒருவரிடமே இருக்கலாம். வீட்டைச் சோதனை போடாதீர்கள், மிரட்டாதீர்கள். "அது எங்கே என்று உனக்குத் தெரிந்திருந்தால், சந்திப்பு வரைக்கும் காத்திருக்காமல் வக்கீலிடமும் ஒருங்கிணைப்பாளரிடமும் சொல், நானும் கூட வருகிறேன்" என்று ஒரு முறை சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள். கடிகாரமே இனி இல்லை என்றாலும், எந்த இடத்தில் எறிந்தான் என்பதுகூட அவருக்கு வேண்டியிருக்கும்.